வாய்க்காலுக்குள் விழுந்த சுருள்

“இண்டைக்கு எடுக்காட்டி அவ்வளவுதான்! இரவைக்குப் புயல் வருது. அலை அந்தக் கல்லை அடிச்சு மாவாக்கிப் போடும்!”

கட்டிலில் கிடந்தபடி மயூரன் கத்தினான். வலது காலில் முழங்கால் வரை மாக்கட்டு. நான்கு வருடமாக இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையின் வெள்ளைச் சுண்ணப்பாறைகளை வாரம் தவறாமல் தடவித் திரிந்தவன் அவன். கடைசியில் முழு அமொனைட் ஒன்றைக் கண்டான். டைனோசர் காலத்துக் கடலில் நீந்திய, நத்தை போலச் சுருண்ட ஓடுடைய பிராணி, இப்போது கல்லாகிவிட்டது. மலைமுகட்டிலிருந்து உடைந்து விழுந்த பாறை ஒன்றில் அது பதிந்திருந்தது. கண்ட சந்தோசத்தில் பாசியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான்.

“நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்றாள் தங்கை சங்கவி.

மயூரன் சிரித்தான். “நீயோ? பத்து நிமிசம் ஒரு இடத்திலை இருக்க ஏலாது உனக்கு.”

சங்கவிக்குக் காது சிவந்தது. சப்பாத்தை மாட்டியபடியே பெரியம்மாவின் மகன் நிரூபனுக்குப் போன் அடித்தாள். மயூரனோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் யதுஷாவும் காரோடு வந்து சேர்ந்தாள். உளி, சுத்தியல், தலைக்கவசங்கள், நீளக் கயிறு எல்லாம் ஏறின. வாசலில் அம்மா, “யதுஷா, தண்ணி ஏற முதல் உதுகளை மேலை கூட்டிக்கொண்டு வந்திடு பிள்ளை” என்று இரண்டு தரம் சொன்னாள்.

படிக்கட்டால் இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. இடப்பக்கம் வெள்ளைச் சுவராய் மலைமுகடு. வலப்பக்கம் வற்றிப்போன கடல். நடுவில் பாசி படர்ந்த சுண்ணப்பாறைத் தளம், வழிநெடுக வாய்க்கால் வாய்க்காலாய் வெட்டுண்டு கிடந்தது. டக்கென்று மேலிருந்து ஒரு துண்டு விழுந்து சிதறியது!

“சுவருக்குக் கிட்டப் போகாதேங்கோ!” யதுஷா கத்தினாள். “மலையிலை உளி வைக்கவும் கூடாது. விழுந்து கிடக்கிற பாறையிலை மட்டும்தான்.”

போனில் மயூரன் அனுப்பிய படம் இருந்தது. ஆனால் விழுந்து கிடந்த பாறைகள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை! சங்கவி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினாள். குனிந்தாள், தடவினாள், அடுத்ததற்கு ஓடினாள். ஒருதரம் சுருள் என்று நினைத்துக் கூவினாள்; கிட்டப் போனால் வெறும் பாசி வட்டம். நிரூபன் கல்லாகிப்போன சின்னக் கடல் முள்ளெலி ஒன்றைக் கண்டு பையில் போட்டான். “இது காணாதோ மயூரன் அண்ணாவுக்கு?” என்று கேட்டவனை அவள் முறைத்த முறைப்பில் அவன் அடுத்த பாறைக்கு ஓடினான்.

அகலமான வாய்க்கால் ஒன்றைக் கடந்து, அதற்கு அங்காலே கிடந்த மேடான தளத்தில் ஏறியபோதுதான் கண்டாள். ஒரு பாறையின் கடலைப் பார்த்த முகத்தில், தோசைக்கல்லளவு சுருள்! வரிவரியாய், ஒரு விளிம்பும் குறையாமல்!

“கண்டுட்டன்!”

மூவரும் பாய்ந்தார்கள். யதுஷா சுருளைச் சுற்றிக் கோடு கீறிக் காட்டினாள். நிரூபன் அடித்தான், சங்கவி உளியைப் பிடித்தாள். பிறகு கை மாறினார்கள். வெள்ளைத் தூள் வியர்வையோடு குழைந்து முகமெல்லாம் அப்பியது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“கடல் திரும்பிட்டுது, தண்ணி ஏறப்போகுது. போதும், வாங்கோ” என்றாள் யதுஷா.

“இன்னும் ஒரு பக்கம்தான் அக்கா!”

சற்று நேரம் கழித்து யதுஷா மறுபடி கூப்பிட்டாள். சங்கவி காதில் விழாதவள் போல அடித்தாள். இப்போது விட்டால் இரவு புயல் கொண்டுபோய்விடும். வெறுங்கையோடு எப்படி அண்ணனின் முகத்தைப் பார்ப்பது? அடி, இன்னும் அடி! படாரென்று துண்டு கழன்றது. நிரூபன் அதை முதுகுப் பையில் திணித்து, தூக்கி மாட்டி, நெஞ்சுக் கொக்கியையும் பூட்டினான். பாரத்தில் அவன் முழங்கால் மடங்கியது.

திரும்பிப் பார்த்த யதுஷாவின் முகம் வெளிறியது. முன்னால் கடல் இன்னும் தூரத்தில்தான். ஆனால் பின்னால், அவர்கள் வந்த வாய்க்காலுக்குள், தண்ணீர் சத்தமில்லாமல் புகுந்து ஓடிக்கொண்டிருந்தது!

“கெதியா! கெதியா!”

யதுஷா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். இழுவையோடு மல்லுக்கட்டி மறுகரை ஏறிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். அடுத்து நிரூபனும் அவனுக்குப் பின்னால் சங்கவியும் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். நடுவே நிரூபனின் கால் வழுக்கியது. முதுகுப் பாரம் அவனை மல்லாக்கச் சரித்தது. தலை ஒருதரம் தண்ணீருக்குள் போய் வந்தது.

“பையை விடு!” சங்கவி அலறினாள்.

“மாட்டன்... அண்ணான்ரை கல்லு...” மறுபடி தாழ்ந்தான்.

சங்கவி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கினாள். கலங்கிய வெள்ளைத் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கையால் துழாவிக் கொக்கியைப் பிடித்து அழுத்தினாள். கழன்றது. தோள்பட்டியைப் பிடுங்கி எறிந்தாள். பை கல்லோடு அடியில் போனது. நிரூபன் இருமிக்கொண்டு மேலே வந்தான். யதுஷா கயிற்றை இழுத்தாள். இருவரும் கரையில் போய் விழுந்தார்கள்.

“ஏன் கழட்டினனி?” நிரூபன் அழுதான்.

“நீ தண்ணிக்குள்ளை தாண்டு போவாய் எண்டுதான், விசரா!” அவளும் அழுதாள். “நான்தான் பிழை. அக்கா கூப்பிடேக்கை வந்திருக்கோணும்.”

படியேறி மேலே வந்து திரும்பியபோது தளம் முழுவதும் தண்ணீருக்கடியில் போயிருந்தது.

வீட்டில் அவள் நடந்ததெல்லாம் சொன்னாள். “நிரூபனுக்கு ஒண்டுமில்லைத்தானே?” என்றான் மயூரன். கல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு நாள் புயல் வீசியது. சங்கவி யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். மூன்றாம் நாள் காற்று அடங்கியதும் யதுஷாவே வந்தாள். “இண்டைக்குக் கடல் வத்து பெரிசு, தண்ணி நல்லா இறங்கும். பாப்பமே? ஆனா நான் வா எண்டா வரோணும்.”

“ஓம் அக்கா.”

அமொனைட் கிடந்த பாறை இருந்த இடத்தில் வெறும் தளம்தான் மிஞ்சியிருந்தது. புயல் அதை அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஆனால் வாய்க்கால் ஆழமாயிற்றே, பை அதற்குள்ளேயே தங்கியிருக்கலாம்! மூவரும் முழங்கால் தண்ணீரில் வரிசையாய் நின்று துழாவினார்கள். கூழாங்கற்கள், பாசி, மறுபடி கூழாங்கற்கள். “இன்னும் கொஞ்ச நேரம்தான்” என்றாள் யதுஷா. சங்கவி தலையாட்டினாள். பிறகு அவளே, “சரி, போவம் அக்கா” என்று நிமிர்ந்தாள்.

“பொறு பொறு!” நிரூபன் கத்தினான். “என்ரை கால் ஒரு பட்டிக்குள்ளை மாட்டுப்பட்டிட்டுது!”

மூன்று பேரும் விழுந்தடித்துக்கொண்டு கற்களை வாரி எறிந்தார்கள். பாறைப் பிளவு ஒன்றுக்குள் இறுகி, கிழிந்த பை! உள்ளே கல் இரண்டாய்ப் பிளந்திருந்தது. ஆனால் பிளவு சுருளைத் தொடவில்லை. பின்பக்கத்து வெறும் பாறைதான் தனியே கழன்றிருந்தது. பாரம் பாதியாகியிருந்தது!

கடல் திரும்ப முதலே அவர்கள் படியேறினார்கள். மேலே கார் நிறுத்துமிடத்தில், ஊன்றுகோலில் சாய்ந்து மயூரன் நின்றான். பக்கத்தில் அம்மா. “இவன் வீட்டிலை நிண்டாத்தானே!” என்று முறையிட்டாள்.

சங்கவி சுருளை அவன் கையில் வைத்தாள். மயூரன் விரலால் வரிகளைத் தடவினான், ஒன்று விடாமல்.

“இது எட்டுக் கோடி வருசமாக் கிடந்தது. போனாலும் இன்னொண்டு தேடலாம். நீங்கள் அப்பிடியில்லை. அண்டைக்கு நீ கழட்டி விட்டதுதான் சரி, சங்கவி.”

அவள் நனைந்த கையைத் துடைத்துக்கொண்டே யதுஷாவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அடுத்த வத்து எப்ப?”

“முதல்லை ஈர உடுப்பை மாத்தடி!” என்றாள் அம்மா.