படகில் இரண்டு பேர்

பறவைகள் பறக்கவில்லை.

அவள் மோட்டாரை அணைத்துத் துடுப்பைக் கையிலெடுத்து, எச்ச மழைக்கும் கூச்சலுக்கும் தயாராகத் தலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பாறைத்திட்டை நெருங்கினாள். திட்டு முழுக்க அடைகாத்துக்கொண்டிருந்த ஆலாப் பறவைகளில் ஒன்றுகூட இறக்கையை விரிக்கவில்லை. போன வாரம் தனியாக வந்தவளை மண்டையில் கொத்தி, கேமராவுக்கு வெள்ளையடித்து விரட்டிய அதே பறவைகள்தான். தங்கை கூட இருந்தால் மட்டும் அவை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

"அதுங்களுக்கு எண்ணத் தெரியும்க்கா," என்று அன்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "தினமும் ரெண்டு பேர்னு பழகிடுச்சு. ஒரு ஆள் குறைஞ்சா, இன்னொருத்தி எங்கயோ ஒளிஞ்சிருக்கான்னு பயந்து மொத்தமா கிளம்பிடும். இனிமே நான் இல்லாம போகாத."

நான் இல்லாமல் போகாதே! என்ன கொழுப்பு. கேமராவை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். பத்திரிகை அட்டையில் வந்தது தங்கையின் படம். அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியதும் தங்கையின் படம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று இவள் பக்கம் திரும்பி, "நீங்களும் போட்டோ எடுப்பீங்களாமே?" என்பார்கள். அந்த 'நீங்களும்' காதில் விழாதது போல, சிரித்தபடி காப்பி போடப் போவாள்.

நேற்று மாலை, திட்டின் ஓரக் கூட்டில் ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. இன்று காலை குஞ்சு வெளியே வரும். ஓட்டைப் பிளந்துகொண்டு அலகு வெளிப்படும் அந்தக் கணத்தை இத்தனை பக்கத்திலிருந்து யாரும் எடுத்ததில்லை. தங்கைக்கோ நெருப்பாகக் காய்ச்சல், விடாத இருமல். ஆனாலும் அலாரம் வைத்துக்கொண்டு, "காய்ச்சலாவது ஒண்ணாவது, என்ன எழுப்பிடுக்கா," என்றாள். இவள் அவள் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டாள். சூடாகப் பால் கொடுத்தாள். அந்தப் பாலில் தன்னுடைய தூக்க மாத்திரைகளைக் கரைத்திருந்தாள். இரண்டு போதும். மூன்றாவதையும் பிரித்துப் போட்டாள். அலாரத்தை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

தூங்கட்டும். ஒரே ஒரு படம் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

படகுத்துறையில் படகுக்காரர் இரண்டு மிதவைச் சட்டைகளை உள்ளே போட்டார். "காத்து ஒரு மாதிரி இருக்கு மேடம். ரெண்டு பேரும் மாட்டிக்கோங்க," என்று கொட்டாவியோடு படகைத் தள்ளிவிட்டார். மனுஷன் பாதித் தூக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது, சாம்பல் நிற வெளிச்சத்தில், பாசியும் எச்சமும் கலந்த புளித்த நெடிக்கு நடுவே, பாறையில் சளப் சளப்பென்று தண்ணீர் அடிக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாத அந்த அமைதியில், அவள் பின்பலகையில் உட்கார்ந்து படமெடுக்கத் தொடங்கினாள். பறவைகள் கடைசியில் தன்னையும் ஏற்றுக்கொண்டுவிட்டன என்று நெஞ்சு விம்மியது. ஓரக் கூட்டில் தாய்ப்பறவை லேசாக எழுந்தது. ஓட்டில் ஒரு துளை. துளையில் ஈர அலகு. கிளிக், கிளிக், கிளிக். வாழ்நாளில் இப்படி ஒரு படம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அப்போதுதான் கவனித்தாள். எந்தப் பறவையும் அவளைப் பார்க்கவில்லை.

அத்தனை கண்களும் படகின் முன்பலகையில் இருந்தன. தங்கை எப்போதும் உட்காரும் இடம். வராதவளுக்கும் இந்த மரியாதையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயப்பட வேண்டிய நேரத்திலும் முதலில் பொறாமைதான் வந்தது. அவள் சுபாவம் அப்படி.

அதற்குப் பிறகுதான் படகைப் பார்த்தாள். பின்னால் ஒருத்தி மட்டும் உட்கார்ந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ள வேண்டும். தூக்கவில்லை. படகு சமமாக மிதந்தது. கேமராப் பை அவள் காலடியில் இருந்தது. முன்பலகையில் ஒன்றுமில்லை. பலகை மட்டும் ஈரமாக இருந்தது.

காற்று முன்னாலிருந்து வந்தது. அதில் தைல வாசனை.

தன் கையாக இருக்கும். ராத்திரி தேய்த்துவிட்ட கை. முகர்ந்து பார்த்தாள். பெட்ரோல். துடுப்பின் ரப்பர். லென்ஸில் பிசுக்கு படியக் கூடாதென்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கை.

போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தாள்.

"எடுடி," என்றாள். "எந்திரிச்சு எடு. திட்டவாவது செய்டி."

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. அட்டைப்படம், கண்ணாடிச் சட்டம், இந்த முட்டை, எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். எழுந்தால் போதும். யாரும் எடுக்கவில்லை.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, பார்வையை முன்பலகையிலிருந்து விலக்குவதற்காகவே, எடுத்த படங்களைத் திரையில் ஓட்டினாள். முதல் படம். அருமையான படம். தாய்ப்பறவையின் கண் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று, பழக்கத்தில், பெரிதாக்கினாள். கறுத்த, பளபளப்பான, உருண்டைக் கண். அதற்குள் வானம். கடல். குட்டியாக ஒரு படகு.

படகில் இரண்டு பேர்.

பின்னால் கறுப்புச் சட்டை. அது அவள். முன்னால் தங்கையின் மஞ்சள் மழைக்கோட்டு. காலையில் அது வீட்டு ஆணியில் தொங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அடுத்த படம். மஞ்சள் கோட்டு அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்தது. நடுப்பலகையில்.

அடுத்தது. இரண்டு உருவங்களும் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

மெல்ல, மிக மெல்ல, படகின் முன்பக்கம் உயர்ந்தது. பின்பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் அவள் இடுப்பருகே விளிம்பைத் தொட்டது. தைல வாசனை இப்போது காற்றில் இல்லை. பிடரியில்.

ஒரு இருமல். சின்ன இருமல். ராத்திரி சுவருக்கு அப்பால் கேட்ட அதே இருமல்.

"அக்கா. என்ன எழுப்பலையே."

அவள் திரும்பவில்லை. திரும்பவே இல்லை. திட்டைப் பார்த்தாள். எல்லா ஆலாக்களும் அவளைத்தான் பார்த்தன. அவளை. அவள் தோளுக்குப் பின்னால். அவளை. குஞ்சு ஓட்டிலிருந்து முழுதாக வெளியே விழுந்து வாயைத் திறந்தது.

கிளிக்.

அவள் விரல் பொத்தானில் இல்லை.

திரையில் புதுப் படம் வந்து நின்றது. யாரும் பெரிதாக்கவில்லை, அதுவே பெரிதானது. பறவையின் கண். வானம். கடல். குட்டிப் படகு. பின்பலகையில், அவளுடைய இடத்தில், அவளுடைய கேமராவோடு, மஞ்சள் கோட்டு.

கறுப்புச் சட்டை எங்கும் இல்லை.

பாறைத்திட்டிலிருந்த அத்தனை ஆலாக்களும், ஒன்று விடாமல், அலறிக்கொண்டு எழுந்து பறந்தன.