சாம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

அலமுவுக்குத் தலைக்கு மூன்றாவது தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. அம்மை இறங்கிவிட்டது. தெம்புதான் திரும்பி வரவில்லை.

எழுந்து கிணறுவரை நடந்தால் மூச்சு வாங்கியது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டுப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்துப் போட்டிருந்தார்கள். நாள் முழுவதும் அவள் அதில்தான் உட்கார்ந்திருப்பாள்.

பென்னலூரில் அது நடவுக் காலம். அம்மா கனகம் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவாள். அப்பா கோதண்டம் முதல் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் அரிசி மில்லுக்குப் போவார். இரண்டு பேரும் இருட்டும் நேரத்தில் காலை இழுத்து இழுத்து நடந்து வருவார்கள். அலமுவுக்கு அம்மை போட்டதிலிருந்து அவர்கள் சரியாகத் தூங்கவே இல்லை. வீட்டில் யாரும் அதிகம் பேசுவதும் இல்லை.

அலமுவுக்குத் துணை சாம்பிதான். சாம்பல் நிறக் கோழி. வீட்டில் இருந்த மூன்று கோழிகளில் அதுதான் மூத்தது. ஆனால் சில நாட்களாக அதுவும் மற்ற இரண்டு கோழிகளோடு மேயப் போகவில்லை. சாக்குக்குப் பக்கத்தில் வந்து இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

"இன்னா சாம்பி, உனக்கும் முடியலையா?"

சாம்பி இன்னும் ஒரு அடி நெருங்கி வந்தது.

அப்போதுதான் அலமு அதன் முகத்தைக் கவனித்தாள். கொண்டையில் மிளகு மிளகாகக் கொப்புளங்கள். அலகின் ஓரத்திலும் இருந்தன. கண்களைச் சுற்றி வீங்கி, இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சாம்பி ஒரு காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்தது.

"சொறியாதே! எங்கம்மா பார்த்தா திட்டும்" என்றாள் அலமு. அம்மாவிடம் அவள் தினமும் வாங்கிய திட்டு அது.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அடி ஆத்தே! கோழிக்கும் அம்மை போட்டிருக்குதே! உன் மேலேர்ந்து எறங்கி அது மேல ஏறிக்கினு கீதுடி!"

உண்மையில் கோழிக்கு வரும் அம்மை வேறு, மனிதருக்கு வரும் அம்மை வேறு. ஒன்றிலிருந்து மற்றது ஒட்டாது. ஆனால் அதைச் சொல்ல அந்தத் தெருவில் ஆள் இல்லை.

"அதான் தீனி எடுக்கல பாரு. ஆத்தா வந்துட்டா கோழி வெரதம் இருக்கும். அப்படியே போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளியம்மாள் சோளம் புடைக்கப் போனாள்.

அப்படியே போய்விடுமா?

 அலமு மெதுவாக எழுந்து, கொஞ்சம் கம்பு கொண்டுவந்து சாம்பியின் முன்னால் போட்டாள். சாம்பி குனிந்து கொத்தியது. கம்பு ஒரு பக்கம் கிடந்தது, அலகு வேறு பக்கம் வெறும் மண்ணைக் கொத்தியது. மறுபடியும் கொத்தியது. மறுபடியும் மண். அப்புறம் தலையைத் தொங்கவிட்டு நின்றுவிட்டது.

அலமு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அவளுக்குத் தன் அம்மை நாட்கள் ஞாபகம் வந்தன. ஒரு நாள் காலையில் கண்ணே திறக்கவில்லை. பீளை கட்டி ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் கூழ் இருந்தும் கை வைக்கத் தெரியாமல் அழுதாள். அம்மாதான் துணியை வெந்நீரில் நனைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, கூழை ஊட்டினாள்.

'இது விரதம் இல்லை. இதுக்குக் கண் தெரியலை. பசியில் கிடக்குது.'

சாயங்காலம் கிளியம்மாள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சேற்றுக் காலைக்கூடக் கழுவாமல் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, திரும்பி எம்பொண்ணு மேலயே வந்துட்டா?"

"அறுக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. ஆத்தா கோச்சுக்குவா. ஏரிக்கரையில கொண்டு போய் வுட்டுடு" என்றாள் கிளியம்மாள்.

அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"காலையில மில்லுக்குப் போறப்போ வுட்டுடறேன்."

ஏரிக்கரையில் நரி உண்டு. கண் தெரியாத கோழி ஒரு ராத்திரிகூடத் தாங்காது. அலமு அழுதால் அவளைத் தூங்கச் சொல்லிவிடுவார்கள். அவள் நிதானமாக யோசித்தாள்.

"அப்பா, எனக்கு அம்மை போட்டப்போ எத்தினி தண்ணி ஊத்தினீங்க?"

"மூணு."

"மூணு ஊத்தறதுக்கு முன்னால என்னை வெளிய அனுப்பினீங்களா?"

"யாராவது அனுப்புவாங்களா? ஆத்தா கீற வூடாச்சே!" என்றாள் அம்மா பதறிப்போய்.

"சாம்பிக்கு இன்னும் ஒரு தண்ணிகூட ஊத்தலையே. அதுக்குள்ள ஏரிக்கரைக்கு அனுப்பினா மட்டும் ஆத்தா கோச்சுக்க மாட்டாளா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கிளியம்மாளைப் பார்த்தாள். கிளியம்மாள் வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"பொண்ணு சொல்றது நெஜந்தான்" என்றார் அப்பா கடைசியில். "சரி, நாளைக்கே ஊத்திடுவோமா?"

"அம்மை முத்து எறங்கினாத்தானேப்பா தண்ணி? அதுவரைக்கும் எனக்குச் செஞ்சதையெல்லாம் அதுக்கும் செய்யணும். நான் செய்யறேன். நீங்க படுத்துத் தூங்குங்க."

அப்பா இன்னொரு கூடையைத் தேடி எடுத்து வந்தார். எப்போதும் மூன்று கோழிகளையும் ஒரே கூடையால்தான் கவிழ்த்து மூடுவார்கள். அன்று சாம்பி மட்டும் தனியாக, தள்ளி ஒரு மூலையில். அம்மா அந்தக் கூடைமேல் வேப்பிலை செருகினாள்.

மறுநாளிலிருந்து அலமுவுக்கு வேலை வந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துச் சாம்பியின் கண்களில் ஒற்றுவாள். அவசரப்பட்டால் சாம்பி திமிறும். அதனால் அவசரப்பட மாட்டாள். கொப்புளங்களின்மேல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுவாள், கண்ணுக்குள் போகாமல். கருகிய பொருக்கைக் கிள்ளிவிட அவளுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் கிள்ளவில்லை. கிள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு அவள் நெற்றியிலேயே ஒரு தழும்பு இருந்தது.

கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கிளறி, சின்னச் சின்ன உருண்டையாக அலகில் வைப்பாள்.

"ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் உனக்கு."

சாம்பிக்குக் கூழ் ஊட்டும்போது அவளும் தின்றாக வேண்டியிருந்தது. நாளுக்கு நாள் கூழ்ச் சட்டி சீக்கிரம் காலியானது. சாயங்காலம் கொசு மொய்க்கும்போது கூடைகளுக்குச் சற்றுத் தள்ளி வேப்பிலைப் புகை போடுவாள். பிறகு களைத்துப்போய்ச் சாக்கிலேயே தூங்கிவிடுவாள். அம்மா வந்து தூக்கிக்கொண்டு போவாள்.

மற்ற இரண்டு கோழிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடவு முடிந்தது. ஒரு நாள் சாம்பியின் கொண்டையிலிருந்து பொருக்குகள் தாமாகவே உதிர ஆரம்பித்தன. வலது கண் திறந்தது. பிறகு இடது கண்ணும் திறந்தது.

அப்பா சொன்ன சொல்லை அம்மா காப்பாற்றினாள். செம்பில் மஞ்சள் தண்ணீர் கலந்து, வேப்பங்கொத்தால் சாம்பியின் மேல் ஒருநாள் விட்டு ஒருநாள் தெளித்தாள். மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று, கம்பு புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளியம்மாளும் பார்க்க வந்தாள்.

"என் வயசுக்குக் கோழிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி இப்பதான் பாக்கறேன்" என்று சிரித்தாள். "அது சரி, கண்ணு நல்லா தெரியுதாடி இதுக்கு?"

சாம்பி இறகை உதறியது. தலையைச் சாய்த்து, கிளியம்மாளின் கால் கட்டைவிரலில் ஒட்டியிருந்த ஒரு கம்பு மணியை உற்றுப் பார்த்தது.

நறுக்!

"ஐயோ!" என்று கிளியம்மாள் துள்ளினாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அப்படிச் சிரித்து அலமு பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

கிளியம்மாளின் சுண்டுவிரலில் இன்னொரு கம்பு ஒட்டியிருந்தது. சாம்பி அதையும் விட்டுவைக்கவில்லை.