ஓலை வாசித்த ஞாயிறு

“உப்பு பாத்துப் போடு. தேவாரத்து மாப்பிள்ளை வீட்டாளுகளுக்கு நாக்கு நீளம். பொண்ணத்தான் வளக்கத் தெரியல, குழம்பாவது வைக்கத் தெரியுதான்னு பாப்பாக.”

ஜாய்ஸ் அடுப்படி வாசலில் நின்று சொன்னாள். அன்னத்தாய் கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஜாய்ஸ் அன்னத்தாயின் கணவர் எபனேசரின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்தவள். புருஷன் இறந்தபின் பழனிசெட்டிபட்டியில் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் சொல்தான் அங்கே நடக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன், மகள் ஜெனிபர் யாரிடமும் சொல்லாமல் சென்னைக்குப் போய் ஒரு பாட்டு நாடகக் குழுவில் சேர்ந்தாள். வாத்தியக்காரர்கள் மேடையோரம் உட்கார்ந்து வாசிப்பார்கள். கதை முழுவதும் பாட்டிலேயே நடக்கும். “இனி அவ இந்த வாசல மிதிக்கக் கூடாது” என்றார் எபனேசர். “நான்தான் அனுப்பினேன்” என்றாள் அன்னத்தாய். அது பொய். ஆனால் கோபம் மகளை விட்டு அவள் பக்கம் திரும்பியது. மகளுக்கு வாசல் திறந்தே இருந்தது. அன்றிலிருந்து எபனேசரின் மோட்டார் பம்ப் கடையில் வியாபாரம் குறைந்தாலும், மழை பெய்யாவிட்டாலும் அன்னத்தாய்தான் காரணம்.

போன பங்குனியில் எபனேசருக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்த ஜெனிபர் திரும்பிப் போகவில்லை. தேவாரத்திலிருந்து வந்த வரனுக்குச் சரி என்றாள். அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மகளுக்கு மேடை கசந்துவிட்டது என்று அன்னத்தாய் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

இன்று முதலாவது ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, சபையில் மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். தடை ஏதும் உண்டா என்று போதகர் கேட்பார். அந்தக் கோயிலில் இதுவரை யாரும் எழுந்ததில்லை. ஓலை வாசித்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

ஜெனிபர் கோயில் பாடகர் குழுவுக்கான வெள்ளைச் சேலையில் வந்தாள்.

“காப்பி குடிச்சிட்டுப் போத்தா.”

“வேணாம்.”

“வெறும் வயித்துல எப்படிப் பாடுவ?”

“நான் பாடுனா என்ன, பாடாட்டி என்ன? ஒனக்கு வேண்டியது நடக்குதுல்ல!”

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. கூடத்தில் ஜெனிபரின் போன் சார்ஜில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. நின்று மறுபடியும் அடித்தது. அன்னத்தாய் எடுத்தாள்.

“ஜெனி, நான் ஹேமாவதி...”

“அவ கோயிலுக்குப் போயிட்டா. நான் அவ அம்மா.”

ஹேமாவதி அந்த நாடகக் குழுவை நடத்துபவள்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்குப் புது நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பிக்குது. முக்கியமான வேஷம் அவளுக்குத்தான். வேற ஆள் இன்னும் போடல. கேட்டா, ‘என்னால பேச்சு வாங்கி வாங்கி எங்க அம்மா ஓஞ்சு போயிட்டாங்க, நான் கல்யாணம் பண்ணிட்டா போதும்னு அழுறாங்க’ன்னு சொல்றா.”

“நான் அழுதேனா?”

“அவ அத்தைகிட்ட அழுதீங்களாம். அத்தைதான் சொன்னாங்களாம்.”

அன்னத்தாய் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அந்த வேஷத்த அவளுக்காக எப்ப வரைக்கும் வச்சிருப்பீக?”

“நாளைக்குக் காலைல ஒத்திகை தொடங்குற வரைக்கும்மா.”

எபனேசர் உள்ளறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க... இன்னைக்கு ஓலை வாசிக்க வேணாம். பிள்ளைக்கு மனசு இல்ல.”

“அவளே சரின்னுட்டா. ஒனக்கு என்ன இப்ப? அன்னைக்கு அனுப்புன... இன்னைக்குக் கெடுக்க வந்துட்டியா? என்னைக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா நீ!”

அவர் கை நெஞ்சுக்குப் போனது. அன்னத்தாய் அந்தக் கையைப் பார்த்தாள். ஜாய்ஸின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோயிலுக்குப் போனபோது ஆராதனை தொடங்கிவிட்டது; மகளிடம் பேச முடியவில்லை. அன்னத்தாய் பெண்கள் பக்கம் ஜாய்ஸுக்கு அருகில் உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் மாப்பிள்ளை கிங்ஸ்லி, அவனுடைய அப்பா ஜெபராஜ், எபனேசர். பாடகர் குழுவில் ஜெனிபர் இரண்டாவது வரிசையில் நின்றாள். பாட்டு முடிந்தது. போதகர் தாளை எடுத்து இரண்டு பெயர்களையும் வாசித்தார்.

“இவ்விருவரும் விவாகத்தில் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர் உண்டானால், அதை இப்போது சொல்லக் கடவர். இது முதலாம் அறிக்கை.”

சொல்லிக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார்.

அன்னத்தாய் எழுந்தாள்.

“இருக்குங்கய்யா.”

“என்னம்மா?”

“தடை இருக்கு. ஜெனிபருக்குச் சம்மதம் இல்ல.”

“உக்காருடி!” என்று எபனேசர் கத்தினார்.

ஜெபராஜ் எழுந்துவிட்டார். “எங்கள இங்கன கூப்புட்டு வச்சு நடுச்சபையில செருப்பால அடிக்கிறீகளா?”

போதகர் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அவர் பாடகர் குழுவின் பக்கம் திரும்பினார்.

“ஜெனிபர், நீயே சொல்லும்மா. ஒனக்குச் சம்மதமா?”

சம்மதம் என்று அவள் சொன்னால், மகள் கல்யாணத்தைக் கெடுக்க எழுந்த பைத்தியக்காரி என்ற பெயர் அன்னத்தாய்க்குச் சாகும்வரை இருக்கும். நாளைக் காலையில் அந்த வேஷமும் வேறொருத்திக்குப் போய்விடும். அன்னத்தாய் நின்றுகொண்டே இருந்தாள்.

“நீதானம்மா கல்யாணம் பண்ணிக்கச் சொன்ன?” என்றாள் ஜெனிபர்.

“நான் சொல்லல.”

“பேச்சு வாங்கி வாங்கி ஓஞ்சு போயிட்டேன்னு அழுதியாமே...”

“ஓஞ்சா ஒங்கிட்டதான சொல்லுவேன்? வேற யார்கிட்டச் சொல்லப் போறேன்?”

ஜாய்ஸ் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் குனிந்துகொண்டாள்.

ஜெனிபர் அத்தையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையோடு சொன்னாள்.

“சம்மதம் இல்லய்யா.”

போதகர் ஆசீர்வாதம் சொல்லும் முன்பே தேவாரத்துக்காரர்கள் வெளியேறினார்கள். அப்பா விட்டுப்போன மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கிங்ஸ்லி மட்டும் திரும்பி வந்தான்.

“மன்னிச்சுக்கோங்க தம்பி” என்றாள் அன்னத்தாய்.

“பரவால்ல ஆன்ட்டி. மூணாவது ஓலைல எந்திரிச்சிருந்தீங்கன்னா, அப்பா பந்தலே போட்டிருப்பாரு.”

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

அன்று சாயங்காலம் அன்னத்தாய்தான் மகளைத் தேனி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனாள். எபனேசர் அறையை விட்டு வரவில்லை. சென்னை பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

“ஏம்மா என்னைய ஒரு வார்த்த கேக்கல?”

“நீ ஏன் கேக்கல?”

ஜெனிபர் அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் அடித்தார்.

“அத்தைதான் இட்டுக்கட்டிச் சொன்னாகன்னு அப்பாகிட்டச் சொல்லிடவா?”

“வேணாம். ஒங்கப்பாவுக்கு அக்காதான் ஆத்தா மாதிரி. அவரு நெஞ்சு தாங்காது. நீ போயிப் பாடு.”

அந்த வாரம் எபனேசர் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாய்ஸ் பரிமாறினால் சாப்பிட்டார். கடைவீதியில் பெண்கள் அன்னத்தாயைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கடந்து போனதும் “பெத்தவளா இவ!” என்றார்கள். அது காதில் விழுந்தது. ஜாய்ஸ் மட்டும் அந்த வாரம் அவளை ஏசவில்லை. தன் தட்டில் சோற்றை மீதம் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. பலிபீடத்தின் முன் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து. யார்மேலாவது குறை வைத்துக்கொண்டோ, யாருக்காவது தீங்கு செய்துவிட்டோ அப்பத்தை வாங்கக் கூடாது என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பக்கம் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். இவர்கள் வரிசையின் முறை வந்தது. ஜாய்ஸ் எழவில்லை.

“எந்திரிங்க மதினி.”

“நீ போ.”

“எல்லாரும் பாக்குறாக.”

“பாக்கட்டும். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கன போயி முழங்கால் போடுவேன்? நாந்தான் சொன்னேன் அன்னம்... நீ அழுததா, நாந்தான் பிள்ளைகிட்டச் சொன்னேன்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“ஓலை வாசிச்ச அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா தம்பிகிட்ட வாயத் தொறக்காம இருந்த?” ஜாய்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, ‘எம் மகள இங்கனயே இருக்கச் சொல்லுக்கா’ன்னு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்டி... எனக்கு வேற வழி தெரியல.”

அன்னத்தாய் கால்களை ஒதுக்கி வழிவிட்டாள். ஜாய்ஸ் எழுந்தாள். பலிபீடத்துக்குப் போகவில்லை. நடுப்பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. தம்பியின் காதருகே குனிந்து, தான் இட்டுக்கட்டியதையும் அன்னம் அதைத் தெரிந்தும் மறைத்ததையும் சொன்னாள். குனிந்து பேசினாலும் மூன்று வரிசைக்குக் கேட்டது. எபனேசர் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

அவர் அன்று அப்பம் வாங்கப் போகவில்லை. அக்காவும் தம்பியும் ஆண்கள் பக்கப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்னத்தாய் தனியே போய் முழங்காலிட்டாள்.

ஆராதனை முடிந்து அவள் வெளியே வந்தபோது எபனேசர் படியருகே நின்றிருந்தார்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி... அப்பவும் நீ அனுப்பலையா?”

“இல்ல.”

“பின்ன ஏன் அப்படிச் சொன்ன?”

“நீங்க கதவச் சாத்தியிருப்பீக.”

அவர் தரையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“இத்தன பேச்சும்... ஒன்னையவா பேசினேன்!”

அன்னத்தாயின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

எபனேசர் போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தினார். மணி போனது. அதை மனைவியிடம் நீட்டினார்.

“நீ பேசு.”

அவள் கையை நீட்டவில்லை.

“நீங்க பேசுங்க.”

போனுக்குள் யாரோ தாளம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தச் சத்தம் தள்ளிப்போனது.

“அப்பா?”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“அப்பா... என்னப்பா?”

“ஒண்ணுமில்லத்தா. ஒன்னோட நாடகம்... எப்ப, எங்கன?”