அடுக்களை நேரலை

போனில் ஓடிய நேரலையில் ஒரு பெண் சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்து பார்க்கும் காட்சி; முதுகு மட்டும் தெரிந்தது. பச்சைச் சட்டையின் தோளில் இருந்த தையலைப் பார்த்ததும் ஸ்மரந்தாவின் கை கரண்டியோடு நின்றது. திரையிலும் அந்தக் கை நின்றது.

யாஷ் நகரில் எட்டாவது மாடி வீடு. தனியாள். அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு ஈரக்கறை, அவ்வளவுதான். விளக்கைக் கழற்றினாள், காற்றுத்துளையைக் கிளறினாள், சுவர்க் குழாய்களுக்குள் வெந்நீர் முனகும் சத்தத்துக்கும் கீழ்வீட்டு முட்டைக்கோஸ் வாசனைக்கும் நடுவே அலமாரிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாள். கேமரா எங்கும் இல்லை. நேரலை ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்தவர்கள் கீழே எழுதினார்கள்: "இன்னைக்கும் களிதானா?"

புகார் கொடுத்தாள். "பரிசீலித்தோம். விதிமீறல் இல்லை" என்று செயலி பதில் அனுப்பியது. மறுபடி கொடுத்தாள். அதே பதில்.

"வீட்டைப் பூட்டிட்டு என்கிட்ட வந்துடுடி," என்றாள் அக்கா வியோரிக்கா.

"நான் எதுக்கு வரணும்? என் வீடுக்கா இது. போக வேண்டியது அது."

இணையத் தளங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள். விசாரணை அதிகாரி துதோராகே, நேரலையை நிறுத்தச் சொல்லி அந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு உத்தரவு அனுப்பினார். பனி கொட்டிய ஒரு பிற்பகலில் அவரே போன் செய்தார்.

"மேடம், அப்படி ஒரு நேரலையே எங்ககிட்ட இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"உங்க கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அடுப்புப் பக்கம் நிக்கிறீங்க." அவர் குரல் இறங்கியது. "மேடம்... உங்களுக்குப் பின்னால மேசைல உக்காந்திருக்கிறது யாரு?"

திரும்பினாள்.

மேசை. இரண்டு நாற்காலிகள். யாருமில்லை.

நனைந்த கம்பளி வாசனை. ஒரு மூச்சு. அவளுடையதல்ல.

"வெளிய வந்துடுங்க! இப்பவே!" போனில் துதோராகே கத்தினார்.

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"மாட்டேன். எழுதிக்குங்க, சார். இங்க ஒருத்தர் இருக்கார். அவங்க தளம் வழியாத்தான் உள்ள வந்திருக்கார். அவங்க பதில் சொல்ற வரைக்கும் நீங்க விடக்கூடாது."

"விடமாட்டேன் மேடம். ஆனா நீங்க..."

போனை மேசைமேல் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் பேர் என்ன?"

எதிர் நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. ஸ்மரந்தா எழுந்திருக்கவில்லை. மேசைத்துணியில், அவள் கைகளுக்கு நேரெதிரே, இரண்டு முழங்கைகள் அழுத்திய பள்ளம் விழுந்தது.