சாந்தினி ஆசைப்பட்டது

காலைக் கூழ் சாந்தினியின் நெற்றியில் வந்து விழுந்தது, கொட்டாங்குச்சியோடு. 'வேர்மண்' கூட்டுவாழ்வில் எவர்சில்வர் கிடையாது. சொந்தத் தோப்புத் தேங்காயின் ஓட்டைத் தேய்த்து எடுத்ததுதான் எல்லோருக்கும் கிண்ணம். எறிந்தால் சத்தம் வராது, நசுங்காது, பக்கத்துக் குடிசைக்குக் கேட்காது. கணவன்மார்களுக்கு இதைவிடத் தோதான பாத்திரம் இன்னும் செய்யப்படவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் சொல்லிட்டா நீ இன்னா கொறஞ்சா பூடுவே?" என்றான் வீரேந்திரன்.

சாந்தினி கேப்பைக் கூழை முந்தானையால் வழித்தாள். கூழோடு கொஞ்சம் ரத்தமும் வந்தது.

"இத்தினி நாளா அதத்தானே சொல்லிக்கினு இருக்கேன்..."

"இன்னொரு தபா சொல்லு. அண்ணன் வருது, அம்மாவும் வருது. நீ ஆசைப்பட்டே, உன் தொல்ல தாங்காம நான் வந்தேன். முடிஞ்சிச்சி."

"சொல்ல மாட்டேங்க. எங்க அம்மா கூட போன எடுக்கறதில்ல. குடும்பத்தப் பிரிச்சவன்னு ஊரெல்லாம் பேராயிடுச்சி. அந்தப் பேரு போவணும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

இரண்டாவது கொட்டாங்குச்சி எட்டும் தூரத்தில் இல்லாததால் வீரேந்திரன் கையால் அடித்தான். பிறகு அமைதித் தியானத்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனான்.

நடந்தது இதுதான். செஞ்சிக்குப் பக்கத்தில் அவர்களுடையது நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளையும் பழைய சமணக் குடும்பம். மாமியார் பத்மாம்பாள், மூத்தவர் சுமதிகுமார், அவர் மனைவி மக்கள் என்று ஒரே கூரை. அங்கே வீரேந்திரன் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனில் வீடியோ பார்ப்பான். சொந்தமாய் விளைவித்து, சொந்தமாய் ஆக்கி, எல்லாம் எல்லோருக்கும் பொதுவென்று வாழும் மனிதர்களின் வீடியோ. பார்த்துப் பார்த்துக் கண்கலங்குவான். சாந்தினி அப்போது அடுப்படியில் பதினோரு பேருக்கு ஆக்கிக்கொண்டிருப்பாள். யோசித்தால் அந்த வீடும் கூட்டுவாழ்வுதான். சொந்த நெல், சொந்த எண்ணெய், பொதுச் சோறு, பொது வருமானம். சமைப்பது மட்டும் தனியார் துறை.

திண்டிவனம் - மரக்காணம் சாலையில் 'வேர்மண்' இருப்பது தெரிந்ததும் வீரேந்திரனால் தூங்க முடியவில்லை. ஆனால் அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தான்.

"நான் கேட்டேன்னு வையி, அம்மா பட்டினியா படுத்துக்கும். நீ கேட்டா உன்னத் திட்டிட்டு சாப்ட்டுடும். அம்மா உடம்புக்கு எது நல்லதுன்னு நீயே சொல்லு..."

சாந்தினி மாமியார் உடம்பைப் பற்றி யோசித்தாள். தான்தான் ஆசைப்பட்டதாகச் சொன்னாள். அன்று தாழ்வாரத்திலேயே பத்மாம்பாளின் துடைப்பம் அவள் தோளில் இறங்கியது. வீரேந்திரன் பக்கத்தில் நின்று, "விடும்மா, தெரியாம ஆசைப்பட்டுட்டா" என்றான்.

வந்த இடம் நரகமென்றும் சொல்ல முடியாது. அங்கே ஆண்களும் முறை வைத்துச் சமைத்தார்கள். வந்த மறுநாள், 'வேர்மண்'ணைத் தொடங்கிய ரிட்டயர்டு வாத்தியார் நெடுஞ்செழியன், "மழைத்தண்ணிக் குட்டைய எங்க வெட்டலாம், நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்டார். சாந்தினி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. அவளைத்தான் கேட்டிருக்கிறார். அவள் கைகாட்டிய இடத்திலேயே குட்டை வெட்டினார்கள். ஆடியில் பெய்த மழை அதில் நின்றது. மாலையில் மகள் சன்மதியோடு போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள்.

கஷ்டம் வேறு பக்கம் இருந்தது. எதையும் எல்லோரும் கைதூக்கி ஒத்துக்கொண்டால்தான் செய்யலாம். ஒரு கை குறைந்தாலும் இல்லை. விளைவிக்க முடியாத உப்பை வெளியே வாங்கலாமா என்று பேசியே பங்குனி மாதம் போயிற்று. பஸ் ஏறினால் மரக்காணம் உப்பளம். அந்தப் பங்குனியில் இருபத்து மூன்று பேர் உப்பில்லாமல் தின்றுகொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

இராச்சோறும் அப்படித்தான். சாந்தினி குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் யாரும் வாயில் எதுவும் போடமாட்டார்கள். விளக்கில் பூச்சி விழும், ஒரு உயிர் போகும். தோண்டினால் மண்ணிலுள்ள உயிர் போகுமென்று கிழங்கும் தின்பதில்லை. இங்கேயோ மாலைக் கூட்டம் முடிந்து, இருட்டியபிறகுதான் பந்தி. அதற்குமுன் சட்டியைத் திறக்கக்கூடாது. ஊரிலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டு, 'உன் சின்ன மருமவ ராவுல கெழங்கு தின்றா' என்று பத்மாம்பாளிடம் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு வருகிறார்கள்.

திண்டிவனத்தில் டயர் பஞ்சராகி, கார் வந்து சேர்ந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. அரிக்கேன் விளக்கடியில் வீரேந்திரன் வாய் நிறைய மரவள்ளிக்கிழங்கோடு இருந்தான். சாந்தினி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

சுமதிகுமார் தம்பியைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். விறகுக் குவியலில் ஒரு சவுக்குக் கட்டையை உருவினார். அதில் எறும்பு ஊர்ந்தது. அதைப் பூப்போல ஊதி, ஒன்றுகூடச் சாகாமல் இறக்கிவிட்டார். பிறகு தம்பியின் முதுகில் ஓங்கி அடித்தார்.

நெடுஞ்செழியன் பதறி ஓடி, மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டில் மணியடித்தார். சண்டை மூண்டால் மணி. மணி கேட்டால் அவரவர் இருந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி மௌனமாக இருக்கவேண்டும். அதுதான் 'வேர்மண்'ணின் முதல் விதி. எல்லோரும் உட்கார்ந்தார்கள். எழுந்து ஓடப்போன வீரேந்திரனும் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். சுமதிகுமாருக்கு விதி தெரியாது. அவர் நின்றபடி அடித்தார். இவன் உட்கார்ந்தபடி வாங்கினான். கட்டை புருவத்தில் பட்டுத் தோல் கிழிந்து, சட்டையெல்லாம் சிவந்தது. இருபது பேர் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்மாம்பாள் சாந்தினியின் கொண்டையைப் பிடித்துத் தூக்கினாள்.

"தின்னியாடி... ராவுல, கெழங்கு தின்னியா? உனக்கு நாக்கு கேட்டுச்சின்னா நீ தின்னு ஒழி. எம் புள்ள வாயில ஏண்டி போட்ட? பச்சத்தண்ணியக் கூட துணியில வடிகட்டிக் குடிச்ச புள்ளடி..."

அறை ஒன்று விழுந்தது. காலையில் பட்ட காயம் திறந்துகொண்டது. சாந்தினி கையெடுத்துத் தடுக்கக்கூட இல்லை.

"அம்மாவ அடிக்காதீங்க" என்று சன்மதி எழுந்துவிட்டாள். மௌனத்தைக் கலைத்த முதல் ஆள். "அம்மா ராவுல சாப்ட்டதே இல்ல. இங்க வந்ததுலருந்து காலைக் கூழ் ஒரு வேளைதான்."

பத்மாம்பாளின் கை நின்றது. அப்போதுதான் மருமகளின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குவதைக் கவனித்தாள்.

நெடுஞ்செழியன் கண்ணைத் திறந்தார். "பாப்பா சொல்றது நெசந்தாம்மா. இவங்களுக்கு மட்டும் பொழுதோட சோறு போடலாம்னு எல்லாரும் ஒத்துக்கினோம். ஒருத்தர் மட்டும் கைய தூக்கல. ஒருத்தர் தூக்கலன்னாலும் இங்க நடக்காது..."

"யாருய்யா அந்தக் கடங்காரன்?"

எல்லோரும் கண்ணைத் திறந்து ஒரே பக்கம் பார்த்தார்கள்.

வீரேந்திரன் ரத்தத்தை விழுங்கினான். "பழைய கட்டுப்பாடெல்லாம் வுட்டுட்டு வந்தவன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேம்மா. பொண்டாட்டி தனியா குந்தி தின்னா என்ன மதிப்பாங்களா..."

சுமதிகுமார் கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தம்பியின் கையை முதுகுப்பக்கம் முறுக்கினார். "இங்க வரணும்னு யாருடா ஆசைப்பட்டது? நெசத்தச் சொல்லு. கை கழண்டுடும்."

"அவதாண்ணே..."

தோளில் எதுவோ சடக்கென்றது.

"நான்தாண்ணே... நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் சொல்லச் சொன்னேன்..."

அந்தக் குடும்பத்தில் யாரும் தோல் செருப்பு போடுவதில்லை. பத்மாம்பாள் காலில் இருந்தது ரப்பர் செருப்பு. அதனால் அடி குறைவாக விழுந்ததென்று சொல்வதற்கில்லை. மகனின் கன்னத்தில், காதில், வாயில், செருப்பு அறுந்து வார் தனியாகப் போகும்வரை அடித்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து, சாந்தினியை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஏன்டி பாவி, சொல்லக்கூடாதா... தொடப்பத்தால அடிச்சேனே... அப்பகூட வாயத் தொறக்கலியேடி..."

"நீங்க பட்டினி கெடப்பீங்கன்னு சொன்னாரு அத்த."

பத்மாம்பாள் ஒப்பாரி போல அழுதாள். சாந்தினியும் அழுதாள். மௌன விதியை எல்லோரும் மறந்துபோய் மூக்கை உறிஞ்சினார்கள். சுமதிகுமார்கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "மன்னிச்சிக்கம்மா. நாளைக்கே உங்க அம்மா வூட்டுக்குப் போயி, இவன்தான் காரணம்னு நானே சொல்றேன்" என்றார்.

பிறகு தம்பியைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் போட்டார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு, அப்படியே வீட்டுக்கு.

"எழுந்திரு, துணிமணிய எடு" என்றாள் பத்மாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனிமே ஒரு சொல்லு சொல்லமாட்டேன் உன்ன."

சாந்தினி எழுந்தாள். சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"நான் வரல அத்த."

"இன்னாடி சொல்ற? நீ ஆசைப்படலன்னுதான் ஆயிடுச்சே."

"அப்ப படல. இப்ப படறேன்."

பத்மாம்பாள் மறுபடி செருப்பைத் தேடுவாள் என்று நெடுஞ்செழியன் மணியடிக்கும் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் தேடவில்லை. மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தினி யாரையும் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்வதாகத் தெரியவில்லை.

"கோவமா எம்மேல?"

"இல்ல அத்த. உங்கள எனக்குப் புடிக்கும். இங்க இருக்கறதும் புடிச்சிருக்கு."

"சோத்துக்கு?"

"கைதூக்காதவருதான் வண்டியில ஏறிட்டாரே."

காருக்குள்ளிருந்து வீரேந்திரன் வீங்கிய வாயோடு முனகினான். "அப்ப நான்... நானும் திரும்பி வரலாமா சாந்தினி?"

அவள் கார்க் கதவருகே போனாள். அவன் நெற்றிக்கு அணைகொடுத்திருந்த துண்டைச் சரியாக மடித்து அழுத்திக் கட்டினாள். காலையில் பட்ட தன் காயத்துக்கு அவள் இன்னும் எதுவும் கட்டவில்லை.

"வாங்க. இந்தத் தபா உங்க ஆசைன்னு அத்தகிட்ட உங்க வாயால சொல்லிட்டு வாங்க. இன்னொரு தபா கை நீட்டினா, ரோட்டு வரைக்கும்தான் வருவீங்க."

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. கண்ணாடியை இறக்கிப் பத்மாம்பாள் தலையை வெளியே நீட்டினாள். அந்த வீட்டுப் பண்டிகைக்கு அவள் மருமகளை இதுவரை அழைத்ததே இல்லை; மாவரைக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"தீவாளிக்கு... முடிஞ்சா வந்துட்டுப் போறியாம்மா? பொழுதோட வந்துடு. நான் ஆக்கி வெக்கறேன்."

"வர்றேன் அத்த" என்றாள் சாந்தினி.