ஏவல் விகிதம்

காலை ஆறு ஐம்பதுக்கு மதிவதனி அன்றைய முதல் வார்த்தையைச் சொன்னாள்.

"எழுந்திரு."

கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த பொத்தான் சிவப்பாக ஒருமுறை சிமிட்டியது.

"அம்மா, ஒண்ணு ஆயிடுச்சு," என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. பரிதிக்கு வயது பத்து, ஐந்தாம் வகுப்பு.

"தெரியும். பேசாம போய்ப் பல்லைத் தேய்."

"ரெண்டு. மூணு."

"இன்னுமா ஷூவைத் தேடல?"

சிவப்பு.

"இது கேள்வி!" என்று மதிவதனி சுவரைப் பார்த்துக் கத்தினாள். சுவர் ஒத்துக்கொள்ளவில்லை. கேள்வி வேஷம் போட்டு வரும் கட்டளைகளைப் பிடிப்பதில் சொல்மானி என்ற அந்தப் பொத்தான் படுகெட்டி. வார்த்தைகளை அது சேமிப்பதில்லை. பெயர், வயது, ஆணா பெண்ணா என்று எதையும் பார்ப்பதில்லை, பார்ப்பது சட்டவிரோதம். குரலில் எவ்வளவு உந்துதல் இருக்கிறது, அதைக் கேட்டு இன்னொருவர் அசைகிறாரா, அவ்வளவுதான் அதன் கவலை.

எல்லாம் மூளை ஆராய்ச்சியாளர்கள் செய்த வேலை. கட்டளை கேட்டே வளரும் குழந்தைகளுக்கு யோசிக்கும் பகுதி சோம்பிப்போகிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததோடு நின்றிருக்கலாம். பள்ளிக்குப் போகும் குழந்தை உள்ள வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் வந்து ஒட்டிக்கொண்டது. நூறு வாக்கியத்தில் எத்தனை கட்டளை என்பது ஏவல் விகிதம். நாற்பது வரை பச்சை, அதற்கு மேல் சிவப்பு. தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பு வந்தால் குழந்தையை ஒரு வருடத்துக்கு இனியமொழி இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள். அங்கே யாரும் யாரையும் ஏவுவதில்லை. பெற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்கலாம்.

மதிவதனியின் விகிதம் முதல் மாதம் எண்பத்தெட்டு, இரண்டாம் மாதம் தொண்ணூற்றொன்று. இது மூன்றாவது மாதம்.

பரிதியின் அப்பா மூன்று வருடமாகப் புனேயில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். போன் கூடச் செய்வதில்லை. அவருடைய ஏவல் விகிதம் பூஜ்யம். பேசாதவர்களுக்குச் சிவப்பு கிடையாது.

மதிவதனிக்கு வேலை பொதிப்பறவை நிலையத்தில். திருச்சி வானத்தில் பொட்டலம் சுமந்து பறக்கும் ஆளில்லா வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பதிலிருந்து ஆறு வரை, "விலகு, இறங்கு, பொறு, திரும்பு." இதையே பேசியதற்காகப் போன வருடம் சிறந்த ஊழியர் கேடயம் கொடுத்தார்கள். அங்கே கேடயம், வீட்டில் சிவப்பு.

போன மாதப் பரிசீலனையில் பள்ளியின் உரையாடல் ஆலோசகர் பெனிட்டா சொன்னார்: "கதை சொல்லுங்க. கேள்வி கேளுங்க. மனசு விட்டுப் பேசுங்க."

"எப்ப மேடம்?"

பெனிட்டா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பல் தேய்க்கிறப்ப?" என்றார்.

சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு காலைப்பொழுதை ஏவலே இல்லாமல் நடத்த மதிவதனி முடிவு செய்தாள்.

"பரிதி, வெந்நீர் ஆறிப்போறதைப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

"நல்ல விஷயம்மா. எனக்கு ஆறின தண்ணிதான் பிடிக்கும்."

"ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூட வண்டி வரும்னு பேசிக்கிறாங்க."

"அது தினமும் வர்றதுதானே."

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு இட்லியை நான்காகப் பிய்த்து, நான்கையும் எட்டாக்கினான். மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பொத்தான் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. பள்ளி வண்டி வந்தது, ஊதியது, போய்விட்டது. அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் நிலையத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனாள்.

"காரணம் எழுதிக் குடுங்க. இன்னிக்கு மதியம் இடைவேளை எடுக்காதீங்க. சீட்ல போய் உக்காருங்க," என்றார் மேற்பார்வையாளர்.

மூன்று கட்டளை. இதைக் கேட்கிறவளின் மூளை என்ன ஆகும் என்று எவரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

அன்று மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து மதிவதனி அழுதாள். ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம். பரிதி வாசற்படியில் வந்து நின்றான்.

"என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்மா?"

"மாட்டாங்க."

"எங்க கிளாஸ் நிலவழகனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க அம்மாவும் மாட்டாங்கன்னுதான் சொன்னாங்களாம்."

அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். இவனில்லாமல் இந்த வீட்டில் ஒரு வருடம் என்று நினைத்ததும் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அலாரம் அவனுடையது. மதிவதனி கண் விழித்தபோது பரிதி பல் தேய்த்து முடித்து, கையில் ஒரு நோட்டோடு நின்றான்.

"நான் எழுதி வெச்சிருக்கேன். நீ படிச்சா போதும்."

நோட்டில் நேரவாரியாக வசனம் இருந்தது. ஏழு மணி, அம்மா: நேத்து கனவுல என்ன வந்துச்சு? ஏழு பத்து, அம்மா: டைனோசர் எல்லாம் ஏன் செத்துப்போச்சு? அவள் கேட்பாள், அவன் பதில் சொல்லிக்கொண்டே குளிப்பான், சாப்பிடுவான், ஷூ போடுவான். அவள் எதை ஏவுவாளோ அதை அவனே முன்கூட்டிச் செய்துவிடுவான். ஏவ ஒன்றும் இல்லாவிட்டால் சிவப்பு எங்கிருந்து வரும்?

"டிபன் பாக்ஸை மறக்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அதைச் சொல்லாத! அடுத்த வரியைப் படி."

"சூரியன் ஏன் மஞ்சளா இருக்கு?"

"மெதுவா படி. கொஞ்சம் சிரி."

சிவப்பு சிமிட்டியது.

"டேய், அது சிமிட்டுதுடா."

"நான் பேசினதுக்குத்தாம்மா. சின்னப் பசங்க பேசுறதுக்கெல்லாம் கணக்கு கிடையாது," என்றான் பரிதி. பத்து வயதுக்கே உரிய நிச்சயத்தோடு சொன்னதால் அவளும் நம்பிவிட்டாள்.

முதல் வாரம் வசனத்துக்கு மட்டும் இயக்குநராக இருந்தான். இரண்டாம் வாரம் வீட்டுக்கே ஆகிவிட்டான். "நின்னுக்கிட்டே தின்னாத, உக்காரு." "தண்ணி குடி." "ஹெல்மெட்டை எடு. கிளம்பு, நேரமாச்சு." மதிவதனி உட்கார்ந்தாள், குடித்தாள், எடுத்தாள், கிளம்பினாள். அவளைச் சாப்பிடச் சொல்ல ஒரு ஆள் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சொன்னதைச் செய்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. யோசிக்கவே வேண்டியதில்லை. மாதக் கடைசியில், கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "இப்ப நான் என்னடா பண்ணணும்?" என்று கேட்கும் அளவுக்கு வந்திருந்தாள்.

"துணியை மடி," என்றான் பரிதி, வீட்டுப்பாடத்திலிருந்து தலை நிமிராமல்.

மூன்றாம் மாதப் பரிசீலனைக்கு இருவரும் கொஞ்சம் உற்சாகமாகவே போனார்கள். பெனிட்டாவின் அறையில் மேசைமேலும் ஒரு பொத்தான் இருந்தது. அவர் திரையைப் பார்த்துப் படித்தார்.

"உங்க வீட்ல ரெண்டு குரல். ஒரு குரலுக்கு ஏவல் விகிதம் ஏழு. நிறைய கேள்வி கேக்குது, சொன்னதைச் செய்யுது. நல்லா வளர்ற குழந்தைன்னு போட்டிருக்கு."

"குழந்தையா?"

"இன்னொரு குரல் பொறுப்பாளர். ஏவல் தொண்ணூத்தி மூணு. மூணாவது மாசமும் சிவப்பும்மா. மன்னிச்சிருங்க."

"மேடம், அது நான் இல்ல! ஒரு மாசமா நான் வாயையே திறக்கல. இவன் எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெனிட்டா அவளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். பொத்தானை முன்னால் நகர்த்தி, இருவரையும் பெயர் சொல்லச் சொன்னார். மதிவதனி சொன்னாள். திரையில் 'குழந்தை' என்று வந்தது. பரிதி சொன்னான். 'பொறுப்பாளர்.'

பெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு திரையில் அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"அது வயசைப் பாக்காது. யார் சொல்லி வீடு நடக்குதோ அவங்கதான் அதுக்குப் பொறுப்பாளர். உத்தரவும் வந்தாச்சு. திங்கக்கிழமை குழந்தையை இனியமொழி இல்லத்துல விடணும். ரெண்டு செட் துணி, ஒரு தட்டு, ஒரு டம்ளர்."

"குழந்தைன்னா... என்னையா?"

"ஆமா."

"எனக்கு முப்பத்தாறு வயசு மேடம்!"

"எனக்குத் தெரியுதுங்க. கோப்புக்குத் தெரியலையே."

ஒரு கணம் மதிவதனி அந்த இல்லத்தை நினைத்துப் பார்த்தாள். மூன்று வேளையும் யாரோ சமைத்த சாப்பாடு. ஒன்பது மணிக்குத் தூக்கம். யாரும் எதற்கும் விரட்டமாட்டார்கள். போய்விட்டால் என்ன என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்து, "இதுக்கு என்னதான் வழி?" என்று கொஞ்சம் அதிகமாகவே கத்தினாள்.

வழி இருந்தது. மறு ஆய்வு. இதே அறையில் பத்து நிமிடம் இருவரும் பேச வேண்டும். பொத்தான் புதிதாகத் தீர்மானிக்கும். மதிவதனி பொறுப்பாளர் என்று வந்து விகிதமும் நாற்பதுக்குள் இருந்தால் இருவரும் வீட்டுக்குப் போகலாம். விகிதம் தாண்டினால் பையன் இல்லத்துக்கு. மறுபடியும் அவனே பொறுப்பாளர் என்று வந்தால் அவள் இல்லத்துக்கு.

பெனிட்டா கடிகாரத்தை முடுக்கினார். அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் ஏவினால் அவன் போய்விடுவான். அவன் ஏவினால் அவள் போய்விடுவாள். நோட்டு வீட்டில் கிடந்தது. மூன்று நிமிடம் மின்விசிறி மட்டும் பேசியது. பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இவனிடம் கேட்க ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று மதிவதனிக்கு அவமானமாக இருந்தது.

"அம்மா," என்றான் பரிதி மெதுவாக. "உன் பறவை எல்லாம் எங்க தூங்கும்?"

"தூங்காதுடா. அரியமங்கலத்துல ஒரு பெரிய மொட்டை மாடி இருக்கு. அங்க வரிசையா உக்காந்து மின்சாரம் குடிக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "அதுல ஒண்ணு இருக்கு. அதுக்கு நாங்க வெச்ச பேரு மாப்பிள்ளை. நாலு தடவை கூப்பிட்டாத்தான் கிளம்பும். பாதி வழியில கோவிச்சுக்கிட்டுத் திரும்பிடும்."

பரிதி விழுந்து விழுந்து சிரித்தான். "திரும்பி வந்து என்ன பண்ணும்?"

"ஒரு நாள் யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேக்கோட ரயில்வே ஸ்டேஷன் கூரைமேல போய் உக்காந்துடுச்சு. இறங்கவே மாட்டேங்குது..."

"எனக்குத் தயிர்சாதம் பிடிக்காதும்மா," என்றான் அவன் திடீரென்று.

"எப்பலேருந்து?"

"மூணாங்கிளாஸ்லேருந்து. நிலவழகன்தான் சாப்பிடுவான். இப்ப அவன் இல்ல, கொட்டிடுறேன்."

தினமும் கட்டிக்கொடுத்தது அவள்தான். டப்பா காலியாக வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவளும் அவள்தான். இனிமேல் கொட்டாதே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். "அவன் போனது உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள். பரிதி தலையாட்டினான். அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவளுக்கும் கலங்கியது. மணி அடித்தது. பொத்தான் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை.

பெனிட்டா திரையைப் பார்த்தார். "ஏவல் பூஜ்யம். ரெண்டு பேருக்கும்!"

மதிவதனி எழுந்தே விட்டாள். "அப்ப போகலாமா?"

"இருங்க. பொறுப்பாளர், இல்லை. உறவு, இல்லை." பெனிட்டா இன்னொருமுறை படித்துப் பார்த்தார். "ரெண்டும் அந்நியக் குரல்னு வந்திருக்குங்க. பழைய கோப்பு ரத்து. குடும்பமே இல்லாததால யாரும் எந்த இல்லத்துக்கும் போக வேண்டாம்."

"அந்நியமா? பெத்தவ மேடம் நான்! இப்பதான் முதல் தடவையா ஒழுங்கா பேசியிருக்கோம்."

"அதனாலதான். லட்சம் வீட்டைக் கேட்டுத்தான் இது குடும்பம்னா என்னன்னு கத்துக்கிச்சு. ஒரே வீட்டுக்காரங்க இப்படிப் பேசி இது கேட்டதே இல்ல போலிருக்கு."

கதவு 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. அந்நியரோடு சிறுவர்களை வெளியே அனுப்பக் கூடாது என்று திரையில் வந்தது. நீங்கள் போகலாம், பையன் இருக்க வேண்டும்.

பரிதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பொத்தானைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் முகம் வெளுத்திருந்தது. மதிவதனிக்கு ஒரு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது.

"எழுந்திரு! பையை எடு. சட்டையை உள்ள விடு. எத்தனை தடவை சொல்றது, மேல் பட்டனைப் போடு. மூக்கைத் துடை. முழிச்சுக்கிட்டு நிக்காத, நட!"

பொத்தான் ஒவ்வொன்றுக்கும் சிவந்தது. திரையில் புதுக் கோப்பு திறந்தது. உறவு, ஒரே குடும்பம். ஏவல் விகிதம், நூறு. முதல் மாதம். கதவு திறந்துகொண்டது.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குங்க," என்றார் பெனிட்டா, ஆறுதலாக.

வெளியே நீளமான வராந்தா. பரிதி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அந்த மாப்பிள்ளையை எப்படி இறக்கினீங்க?"

சொல்ல வாய் திறந்தாள். வராந்தாச் சுவரில் பத்தடிக்கு ஒரு பொத்தான், வாசல் கதவு வரைக்கும் இருந்தது.

"பேசாம வா," என்றாள் மதிவதனி.