லாடக் காப்பு

வெண்மதி மறுபடியும் நின்றுகொண்டே தூங்கினாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்பில் பாயில் படுக்கவைத்த நாலு வயசுப் பிள்ளை, அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு அம்மா சுமலதா திரும்புவதற்குள் எழுந்து போய், சுவரை ஒட்டி நின்று, கண்ணைத் திறந்தபடியே மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை லாயம் அந்த வீடு. பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் பாழடைந்து கிடந்ததை வாங்கி, டைல்ஸ் ஒட்டி, வீடாக்கியதில் அவள் புருஷன் சத்யராஜுக்குத் தலைகால் புரியாத பெருமை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு பினாயில் ஊற்றிக் கழுவினாலும், சாயங்காலமானால் வெந்த கொள்ளும் ஈர வைக்கோலும் வியர்வையும் கலந்த வாடை சுவரிலிருந்து கிளம்பும்; எதுவோ கால் மாற்றி நிற்கிற ஓசை கேட்கும். பிள்ளை பயந்து வீறிட்டபோது, எல்லாரும் செய்கிற மாதிரி இரும்புக் காப்பு போடலாம் என்றான். கடையில் வாங்கியிருக்கலாம். அந்தப் புருஷ மகாராசனோ, தரை தோண்டும்போது கிடைத்த பழைய லாடத்தைக் கொல்லரிடம் கொடுத்து அடித்து வந்து காலில் மாட்டினான். அன்றிலிருந்து பிள்ளை அழவில்லை. படுக்கவும் இல்லை.

சுமலதா காப்பைக் கழற்றப் பார்த்தாள். கணுக்கால் தடித்து இறுகியிருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

"ஏங்க, அந்தக் காப்ப அறுத்துடுங்க. இந்த வூடே வேணாம். பாப்பாவ தூக்கிக்கிட்டு அரூர்ல எங்கக்கா வூட்டுக்குப் போறேன்."

சத்யராஜ் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஊரே வந்து இந்த வூட்ட வாயப் பொளந்து பாக்குது. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"புள்ள நம்ம கைய வுட்டுப் போயிருங்க!"

வேண்டாவெறுப்பாக எழுந்தான். "இரு, தூக்கியாந்து தரேன். எங்க வேணா போ."

அவன் உள்ளே போனான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. இந்த ஆளுக்குக் கழுத்தை நீட்டியதை நினைத்து அவளுக்கு வயிறெரிந்தது. நேரம் போனது. அவன் வரவில்லை.

"ஏங்க?"

உள்ளிருந்து வந்தது மூச்சு மட்டும். கனத்த, ஈர மூச்சு. ஒன்றல்ல.

செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போனாள்.

பிள்ளை சுவரைப் பார்த்து நின்றது. பக்கத்தில் சத்யராஜ். கண் திறந்திருந்தது. தாடை அசைந்தது. எதையோ மென்றான். அவர்களுக்கு அப்பால், சுவர் நெடுக, இருட்டு பெரிது பெரிதாக நின்று மூச்சுவிட்டது.

"வெண்மதி... அம்மாடா..."

பிள்ளை திரும்பவில்லை. ஓரடி நகர்ந்தது. சத்யராஜ் எதிர்ப்பக்கம் ஓரடி நகர்ந்தான்.

நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.